மின்னஞ்சல் கணக்கு திறக்க மறுக்கும்போது

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் மின்னஞ்சல் கணக்குக்குள் நுழைய முடியாமற்போவதற்குக் கடவுச்சொல்லை மறந்ததே எப்போதும் காரணமாக இருப்பதில்லை. கணக்குடன் இணைத்த தொலைபேசி இலக்கம் கைவிட்டுப் போயிருக்கும்; அல்லது கணக்கைத் திறந்து கொடுத்தவர் வேறொருவராக இருப்பார்; அல்லது கணக்குடையவர் பழைய சிம்மை வீட்டில் வைத்துவிட்டு வெளிநாடு சென்றிருப்பார். 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி மக்களும் புத்தளம் மாவட்டத்தில் குடியேற நேர்ந்தது. 2009 இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினாலும், நாகவில்லு முதலான புத்தளத்து இடங்களிலும் ஊரிலுமாக இரண்டு இடங்களில் வாழும் குடும்பங்கள் பல. வளைகுடா நாடுகளில் தொழில் செய்வோரும் பலர். இடமும் தொலைபேசியும் சிம்மும் அடிக்கடி மாறுகின்ற இவ்வாழ்க்கையில், நுழைபவர் உண்மையான உரிமையாளர்தானா என்று இடத்தையும் கருவியையும் கொண்டு கணிக்கும் மின்னஞ்சல் நிறுவனங்களின் முறைமை உரியவரையே அந்நியராகக் கருதிவிட இடமுண்டு. இந்நிலையைக் கருத்திற்கொண்டு, பெரும்பாலோர் பயன்படுத்தும் ஜீமெயிலை முதன்மையாக வைத்து இவ்வத்தியாயம் அமைகிறது. யாஹூ, அவுட்லுக் ஆகியவை வேறுபடும் இடங்கள் ஆங்காங்கே சுட்டப்படும்.

எதையும் தொடுமுன்

கணக்கு திறக்கவில்லை என்றதும் பதற்றத்தில் செய்யப்படும் மூன்று செயல்கள், எளிதில் மீட்கக்கூடிய கணக்கையும் மீட்க முடியாததாக ஆக்கிவிடுகின்றன.

முதலாவது, தோன்றிய கடவுச்சொற்களையெல்லாம் அடுத்தடுத்து இட்டுப்பார்ப்பது. பல தடவை தவறினால் முறைமை அதனைத் திருட்டு முயற்சியாகக் கருதி, சரியான கடவுச்சொல்லையும் சிறிது காலத்துக்கு ஏற்காமல் விடக்கூடும். இரண்டாவது, கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் பழைய தொலைபேசியில் அக்கணக்கை அகற்றுவது அல்லது தொலைபேசியையே முற்றாக அழித்து மீளமைப்பது. பழைய தொலைபேசியில் கணக்கு இன்னும் திறந்த நிலையில் இருக்குமாயின் அதுவே உரிமைக்கான மிக வலுவான சான்று என்பதால், மீட்பு முடியும்வரை அதில் கைவைக்கக்கூடாது. மூன்றாவது, பழையதை விட்டுவிட்டுப் புதிய கணக்கொன்றைத் திறப்பது. பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம், வங்கி, வெளிநாட்டு வேலை ஆகியவற்றுக்குக் கொடுத்த முகவரி பழையதாகவே இருக்கும். அழைப்புகளும் அறிவித்தல்களும் திறக்க முடியாத பெட்டியிலேயே சென்று விழும்.

திரையில் தோன்றும் செய்தியைப் படித்தல்

கோளாறு எதுவென்று திரையே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. அச்செய்தியை முழுதும் வாசிப்பதும், இயலுமாயின் திரையைப் படமெடுத்து வைப்பதும் முதல் வேலையாகும்.

*அத்தகைய கணக்கு இல்லை* என்ற செய்தி வந்தால், கணக்கு அழிந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் முகவரியின் எழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும். ஒரே பெயர் ஆங்கில எழுத்துகளில் பல விதமாக எழுதப்படுவது இங்கு வழக்கம்: முகம்மது என்பதில் எம் என்ற எழுத்து நடுவில் ஒன்றா இரண்டா, முடிவில் டி வருமா டிஎச் வருமா, முன்னால் தந்தையின் பெயரெழுத்து உண்டா, பின்னால் பிறந்த ஆண்டு முழுமையாக வருமா கடைசி இரண்டு எண்கள் மட்டுமா என்ற ஒவ்வொன்றும் வேறொரு முகவரியைக் குறிக்கும். ஜீமெயில் முகவரியில் புள்ளி இருப்பதும் இல்லாததும் ஒன்றே என்பதால் புள்ளிகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. சரியான எழுத்தை ஊகத்தால் தேடுவதைவிட, முன்பு மின்னஞ்சல் அனுப்பப்பட்ட உறவினரின் பெட்டியிலோ, பாடசாலைக்கோ வங்கிக்கோ கொடுத்த படிவத்தின் பிரதியிலோ பார்ப்பது விரைவானது.

முகவரி சரியாக இருந்தும் இச்செய்தியே தொடர்ந்தால், நெடுங்காலம் பயன்படுத்தாததால் கணக்கு நீக்கப்பட்டிருக்கலாம். 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்குவதாக 2023 மே மாதத்தில் அறிவித்த கூகுள், அவ்வாண்டு டிசம்பரில் அதனை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. யாஹூ 12 மாதங்கள் திறக்கப்படாத அஞ்சல் பெட்டியைச் செயலற்றதாகக் கொள்கிறது. அண்மையில் நீக்கப்பட்ட கணக்காயின் கீழே கூறப்படும் மீட்பு முறையால் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. காலம் சென்றுவிட்டால் கிடைக்காது.

*கடவுச்சொல் தவறு* என்ற செய்தி வந்தால், தட்டெழுதும் முறையை முதலில் ஐயுற வேண்டும். தொலைபேசி முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக மாற்றியிருக்கலாம். விசைப்பலகை தமிழில் இருக்கலாம். விசைப்பலகை பரிந்துரைத்த சொல்லைத் தெரிவுசெய்தபோது இறுதியில் ஓர் இடைவெளி சேர்ந்திருக்கலாம். கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்திலுள்ள கண் அடையாளத்தை அழுத்தினால் எழுத்துகள் வெளிப்படையாகத் தெரியும். கடவுச்சொல் இத்தனை நாட்களுக்கு முன் மாற்றப்பட்டது என்று திரை கூறி, கணக்குடையவர் அதனை மாற்றவில்லை என்பது உறுதியானால், வேறொருவர் உள்ளே நுழைந்திருக்கிறார் என்று கொண்டு தாமதமின்றி மீட்பைத் தொடங்க வேண்டும்.

*இணைப்பு பாதுகாப்பானதன்று* என்ற எச்சரிக்கைக்கும் கணக்குக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. பற்றரி முற்றாக இறங்கிக் கிடந்த பழைய தொலைபேசியில் திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். அமைப்புகளில் திகதியையும் நேரத்தையும் தானியங்கி நிலைக்கு மாற்றினால் எச்சரிக்கை மறையும். பொது வைஃபையில் இதே எச்சரிக்கை வந்து, திகதியும் சரியாக இருந்தால், அந்த வைஃபையில் கடவுச்சொல்லை இடாதிருப்பதே பாதுகாப்பு.

*கணக்கு முடக்கப்பட்டுள்ளது* என்ற செய்தி இரண்டு காரணங்களால் அதிகம் வருகிறது. விதிமீறல் என்று நிறுவனம் கருதியது ஒன்று. பிறந்த திகதி தவறாகப் பதியப்பட்டதால் கணக்குடையவர் 13 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றுவது மற்றொன்று. இரண்டுக்கும் அத்திரையிலேயே மேன்முறையீட்டு வழி காட்டப்படும். வயதுக் கோளாறாயின் அடையாள அட்டையின் படத்தைக் கொண்டு திருத்தம் கோரலாம்.

மீட்புப் படிகள்

கடவுச்சொல் நினைவில் இல்லை அல்லது மாற்றப்பட்டுவிட்டது என்பது தெளிவானபின், கீழ்வரும் வரிசை மாறாமல் செயற்படுவது நல்லது.

1. இடத்தைத் தெரிவுசெய்தல். கணக்கு வழக்கமாகத் திறக்கப்பட்ட அதே வீட்டில், அதே இணைய இணைப்பில் இருந்துகொண்டு மீட்பைத் தொடங்க வேண்டும். கணக்கு புத்தளத்து வீட்டின் வைஃபையில் ஆண்டுக்கணக்காகப் பயன்பட்டதாயின், ஊரில் இருந்து பலமுறை முயல்வதைக் காட்டிலும் புத்தளம் செல்லும் நாள்வரை பொறுத்திருந்து ஒருமுறை முயல்வது பயன்தரும்.

2. கருவியைத் தெரிவுசெய்தல். முன்பு அக்கணக்கு திறக்கப்பட்ட தொலைபேசி அல்லது கணனி, முன்பு பயன்படுத்திய அதே உலாவி. உடைந்த திரையுடன் மேசைக்குள் கிடக்கும் பழைய தொலைபேசியைப் பழுதுபார்த்து எடுப்பதுகூட இதற்காகத் தகும்.

3. கணக்கு மீட்புப் பக்கத்துக்குச் செல்லுதல். ஜீமெயிலின் நுழைவுத் திரையில் கடவுச்சொல் கட்டத்தின் கீழுள்ள மறந்துவிட்டதா என்ற இணைப்பை அழுத்தினால் இப்பக்கம் வரும். வட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ எவரேனும் அனுப்பிய இணைப்பின் வழியாக இதற்குள் செல்லக்கூடாது.

4. நினைவிலுள்ள கடைசிக் கடவுச்சொல்லை இடுதல். பழையதாயினும் இடுவது, வெறுமையாக விடுவதை விட மேலானது.

5. உறுதிப்படுத்தும் வழியைத் தெரிவுசெய்தல். கணக்கு திறந்துள்ள தொலைபேசிக்கு வரும் கேள்விக்கு ஆம் என்பது, இணைத்த இலக்கத்துக்கு வரும் 6 எண்கள் கொண்ட குறியீடு, மீட்புக்கென முன்பே பதிந்த மாற்று மின்னஞ்சலுக்கு வரும் குறியீடு என்பன முறையே காட்டப்படும். ஒரு வழி இயலாவிடில் வேறு வழியை முயற்சிக்கவும் என்ற பொத்தானை அழுத்தலாம். குறியீட்டுக்குச் சில நிமிடமே ஆயுள் என்பதால் சிம் உள்ள தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே இப்படியைத் தொடங்க வேண்டும். இருமுறை குறியீடு கோரியிருந்தால் இறுதியாக வந்ததையே இட வேண்டும்.

6. காத்திருத்தல். உறுதிப்படுத்தியபின்னும் சில மணி நேரமோ சில நாட்களோ பொறுத்திருக்குமாறு கூகுள் கூறக்கூடும். உண்மையான உரிமையாளருக்கு எச்சரிக்கை சென்றுசேர வேண்டும் என்பதற்கான இடைவெளி அது. அக்காலத்தில் மீண்டும் மீண்டும் முயல்வதால் விரைவு கூடாது. மாற்று மின்னஞ்சலின் வேண்டாத அஞ்சல் பகுதியையும் நாள்தோறும் பார்த்துவர வேண்டும்.

உரிமையை உறுதிசெய்ய முடியவில்லை என்ற பதில் வந்தால், இடமும் கருவியும் இணைப்பும் சரிதானா என்று மீண்டும் பார்த்து, சில நாட்கள் கழித்து முயலலாம்.

இணைத்த இலக்கம் கையில் இல்லாதபோது

மீட்புப் பக்கம் இணைத்த இலக்கத்தை முழுதாகக் காட்டாது. வரிசையாகப் புள்ளிகளும் முடிவில் இரண்டு எண்களும் மட்டுமே தெரியும். அந்த இரண்டு எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லாச் சிம்களின் இலக்கங்களோடும் ஒப்பிட வேண்டும். வாப்பாவின் இலக்கம், உம்மாவின் இலக்கம், திருமணமாகிப் போன ராத்தாவின் பழைய இலக்கம், ரீலோட் செய்யும் கடையின் இலக்கம் என்று எல்லாவற்றையும் பார்ப்பது அவசியம். பழைய திருமண அழைப்பிதழ்களும் பாடசாலைப் படிவங்களும் இதற்கு உதவும்.

இலக்கம் எதுவென்று தெரிந்தபின் மூன்று நிலைகள் உண்டு. சிம் தொலைந்திருந்தால், அது யாருடைய பெயரில் பதியப்பட்டதோ அவரே தேசிய அடையாள அட்டையுடன் சிம்மை வழங்கிய நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குச் சென்று அதே இலக்கத்துக்கு மாற்றுச் சிம் பெறலாம்; வேறொருவர் பெயரில் பதிந்த சிம்மாயின் அவர் இல்லாமல் காரியம் ஆகாது. நிறுவனத்தின் பெயர் மறைந்துவிட்டது என்பதால் இலக்கமும் மறைந்துவிடவில்லை: எடிசலாட் 2018 இல் ஹட்ச்சுடனும், எயார்டெல் லங்கா 2024 இல் டயலொக்குடனும் இணைந்தன, ஆகவே 072 இல் தொடங்கும் இலக்கத்துக்கு ஹட்ச்சிலும், 075 இல் தொடங்கும் இலக்கத்துக்கு டயலொக்கிலும் விசாரிக்க வேண்டும். மூன்றாவது நிலையே கடினமானது. நெடுநாள் ரீலோட் செய்யாமல் விட்ட சிம் துண்டிக்கப்பட்டு, அவ்விலக்கம் வேறொருவருக்கு விற்கப்பட்டிருக்கலாம். அவரிடம் குறியீட்டைக் கேட்டுப் பெறுவது ஆபத்தான வழி. அவர் விரும்பினால் கணக்கையே கைப்பற்றிக்கொள்ள முடியும். அந்நிலையில் மாற்று மின்னஞ்சல், பழைய கருவி ஆகிய வழிகளையே நாட வேண்டும்.

குறிப்பு: இலக்கத்தை இடும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கையைத் தெரிவுசெய்தால் 94 என்ற நாட்டுக் குறியீடு தானாக வரும், அதன்பின் முதலிலுள்ள சுழியத்தை விட்டு எழுதலாம்.

கடையில் திறந்த கணக்கு

வேலைவாய்ப்பு விண்ணப்பத்துக்காகவோ உயர்தரப் பரீட்சைக்குப் பின்னரான விண்ணப்பத்துக்காகவோ கொமினிகேஷன் கடையில் அவசரமாகத் திறந்த கணக்குகள் பல வீடுகளில் உண்டு. அவற்றில் இணைத்த தொலைபேசி இலக்கமும் மாற்று மின்னஞ்சலும் கடையினுடையவையாகவும், பிறந்த திகதி ஏதோவொன்றாகவும், கடவுச்சொல் கடைக்காரர் எல்லோருக்கும் இடுகின்ற ஒன்றாகவும் இருப்பது வழக்கம். கடைக்காரர் நல்லெண்ணத்துடன் உதவியவராயினும், அத்தகைய கணக்கு உண்மையில் கடையின் வசமே இருக்கிறது. கடை மூடப்பட்டால் கணக்கும் போய்விடும்.

இத்தகைய கணக்கு திறக்காவிடில், அந்தக் கடைக்கே நேரில் சென்று, அதே கணனியில் அமர்ந்து மீட்பைத் தொடங்குவது நல்லது. கணக்கு முன்பு திறக்கப்பட்ட கருவி அது என்பதோடு, குறியீடு வரும் இலக்கமும் அங்கேதான் இருக்கும். உள்ளே நுழைந்தவுடன், கடையை விட்டு வெளியேறுமுன்பே, தொலைபேசி இலக்கத்தையும் மாற்று மின்னஞ்சலையும் சொந்தமானவையாக மாற்றி, வீட்டுக்கு வந்து சொந்தத் தொலைபேசியில் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். புதிய இலக்கத்தை இட்டபின்னும் ஒரு வார காலத்துக்குப் பழைய இலக்கத்துக்குக் குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் விட்டுவைக்கக்கூடும். அவுட்லுக்குக்குரிய மைக்ரோசொஃப்ட் கணக்கில் பாதுகாப்பு விபரம் முழுவதையும் மாற்றினால் 30 நாட்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். அக்கால எல்லைகள் கடக்கும்வரை கணக்கை அடிக்கடி பார்த்துவருவது தேவை.

கடைக் கணனியில் கணக்கைத் திறக்கும் எவரும் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று பதிலளிப்பதும், முடிவில் வெளியேறு என்பதை அழுத்துவதும், தரவிறக்கிய அடையாள அட்டைப் படங்களை அழிப்பதும் கட்டாயமாகும்.

வெளிநாட்டில் இருப்பவரின் கணக்கு

சவூதி அரேபியாவில் இறங்கியவுடன் அங்குள்ள சிம்மை இட்டுக் கணக்கைத் திறக்க முயல்பவரின் கருவியில் சிம்மும் புதிது, நாடும் புதிது; தொலைபேசியும் புதிதாக இருந்தால் முறைமை தடுப்பது இயல்பே. பயணத்துக்கு முன்பே செய்துகொள்ள வேண்டியவை இரண்டு: இலங்கைச் சிம்முக்கு ரோமிங் வசதியைச் செயற்படுத்திக் குறுஞ்செய்தி வருமாறு செய்வது, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், கடவுச்சொல்லுக்குப் பின் இன்னோர் உறுதிப்படுத்தலையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பின் கீழ்க் கிடைக்கும் மாற்றுக் குறியீடுகளை எடுத்து வைப்பது. மாற்றுக் குறியீடு என்பது 8 எண்கள் கொண்டது. 10 குறியீடுகள் ஒன்றாகத் தரப்படும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் பயன்படும். சிம் இல்லாமலும் இடலாம். அவற்றைத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டிலிருந்து தனியாக வைத்துக்கொள்வது சிறந்தது.

ஏற்கெனவே சென்றுவிட்டவருக்கு, சிம் வீட்டிலுள்ள உம்மாவிடமோ நானாவிடமோ இருந்தால், அவர் குறியீட்டை வாசித்துச் சொல்வதைத் தவிர வேறு வழி இராது. அப்போது கணக்குடையவரே குரல் அழைப்பில் பேசிக்கொண்டு, தாம் குறியீட்டைக் கோருவதாகச் சொல்லி, அழைப்பு துண்டிக்கப்படுமுன் அதைக் கேட்டுப் பெற வேண்டும். வட்ஸ்அப்பில் மகனின் பெயரில் எழுத்துச் செய்தி வந்து குறியீட்டை அனுப்புமாறு கேட்டால் வீட்டார் அனுப்பக்கூடாது. மகனின் வட்ஸ்அப்பை வேறொருவர் கைப்பற்றியிருக்க முடியும். சவூதி நேரம் இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது என்பதால், சிம் வைத்திருப்பவர் விழித்திருக்கும் வேளையை முன்கூட்டிப் பேசிவைப்பது நல்லது.

நுழைவுக் குறியீட்டைத் தொலைபேசியிலேயே உருவாக்கும் ஒதென்டிகேட்டர் செயலியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் அக்குறியீடு தொலைபேசியின் கடிகாரத்தைக் கொண்டு கணிக்கப்படுவதால், வேறு நாட்டில் நேர வலயத்தை மாற்றாமல் மணியை மட்டும் கையால் திருத்தியவருக்குக் குறியீடு ஏற்கப்படாது. நேரத்தைத் தானியங்கி நிலையில் வைத்தால் சரியாகிவிடும்.

தொலைபேசியும் செயலியும் தரும் கோளாறுகள்

அண்ட்ரொய்ட் தொலைபேசியை முற்றாக அழித்து மீளமைத்தால், முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்கும். திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு இது. கடவுச்சொல்லை மாற்றியவுடன் மீளமைக்காமல் 24 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். பாவித்த தொலைபேசியை வாங்குபவர், விற்பவர் தமது கணக்கை அகற்றிக் கொடுக்கும்வரை பணம் கொடுக்காதிருப்பது நல்லது.

உலாவியில் திறக்கும் கணக்கு பழைய மின்னஞ்சல் செயலியில் மட்டும் திறக்காவிடில் கணக்கில் பிழையில்லை. கடவுச்சொல்லை மட்டும் கொண்டு நுழையும் பழைய செயலிகளை கூகுள் 2022 மே 30 முதலும், அவுட்லுக் 2024 செப்டெம்பர் 16 முதலும் தடுத்துவிட்டன. ஜீமெயிலின் சொந்தச் செயலியை நிறுவுவது எளிய தீர்வு.

உதவி என்ற பெயரில் வருவோர்

கணக்கை மீட்டுத் தருவதாகப் பணம் கேட்கும் முகநூல், டெலிகிராம் விளம்பரங்கள் எல்லாவற்றையும் மோசடியாகவே கொள்ள வேண்டும். கட்டணமற்ற ஜீமெயில் கணக்கை மீட்டுக்கொடுக்கத் தொலைபேசியில் அழைக்கும் ஊழியர் கூகுளில் இல்லை. குறியீட்டையோ கடவுச்சொல்லையோ எந்த நிறுவனமும் அழைத்துக் கேட்பதில்லை. கணக்குடையவர் எதுவும் செய்யாதிருக்கும்போது நுழைய முயல்வது நீங்கள்தானா என்ற கேள்வி தொலைபேசியில் தோன்றினால் இல்லை என்றே பதிலளித்து, உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

கணக்கு களவாடப்பட்டு அதன்மூலம் பணமோசடியோ மிரட்டலோ நடந்திருந்தால், திரையைப் படமெடுத்த சான்றுகளைச் சேர்த்துக்கொண்டு பொலிஸில் முறையிடலாம். இலங்கை கணனி அவசரத் தயார்நிலை அணியிடமும் அறிவிக்கலாம். பிறர் கணக்கில் அனுமதியின்றி நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டத்தின்படி தண்டனைக்குரியது.

உள்ளே நுழைந்தபின்

மீட்ட கணக்கை அன்றே சரிசெய்யாவிடில் அதே கோளாறு திரும்பவும் வரும்.

1. வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட கடவுச்சொல்லை இடுதல்.

2. கணக்கு திறந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்து, அறியாத கருவிகளை வெளியேற்றுதல்.

3. ஜீமெயில் அமைப்புகளில் முன்னனுப்பலையும் வடிகட்டிகளையும் பார்த்தல். களவாக நுழைந்தவர் அஞ்சல்கள் யாவும் தமக்கும் வருமாறு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கக்கூடும்; கடவுச்சொல்லை மாற்றுவதால் மட்டும் அது நிற்காது. பலர் தவறவிடுவது இப்படியையே.

4. நெருங்கிய ஒருவரின் மின்னஞ்சலை மாற்று முகவரியாகச் சேர்த்தல். கடையினதையும், முன்னாள் வேலைத்தலத்தினதையும் நீக்குதல்.

5. இருபடிச் சரிபார்ப்பைச் செயற்படுத்தி, மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதுதல்.

இணைத்த இலக்கத்தின் சிம்மைப் பயன்படுத்தாவிடினும் அது துண்டிக்கப்படாதவாறு இடையிடையே ரீலோட் செய்துவர வேண்டும். சிம்மைக் கைவிட எண்ணுவோர் அதற்கு முன்பே, பழைய இலக்கம் இன்னும் கையில் உள்ளபோதே, மின்னஞ்சலிலும் வங்கியிலும் இலக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வேலையைப் பயண நாளுக்கோ வீடு மாறும் நாளுக்கோ தள்ளிவைக்காமல் இன்றே செய்யுமாறு வாசகர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.